எந்தக் காலேஜு நல்ல காலேஜு

ஒரு கொட்டகையில ஒரு பசுவும் ஒரு ஆட்டுக்கிடாவும் பக்கத்துல பக்கத்துல கட்டிக் கிடந்துச்சுங்க. அந்த வீட்டுப் பொண்ணு கோமளா, மாட்டாஸ்பத்திரி உதவியாளர் படிப்புக்குப் போகணும்னு அப்பாகிட்ட பேசிக்கிட்டிருந்தா.

"பக்கத்து ஊர்க் காலேஜுல பீஸ் பன்னிரண்டாயிரம்ப்பா. படிச்சு முடிச்சா மாசம் ஒன்பதாயிரம் கிடைக்குமாம். டவுன் காலேஜுல பீஸ் அறுபதாயிரம். ஆனா சம்பளம் பதினாலாயிரம்."

பசு காதை ஆட்டிச்சு. "டவுனுதான் சரி. நாளைக்கு நமக்கு ஊசி போடப் போற பொண்ணு, நல்ல இடத்துல படிக்கட்டும்."

"அம்புட்டுப் பணத்துக்கு எங்கக்கா போவாங்க?" கிடா கேட்டுச்சு.

"பெத்தவங்க எப்படியாச்சும் புரட்டுவாங்கடா தம்பி. படிப்புக்குப் போய் கஞ்சத்தனம் பாப்பாங்களா?"

அந்நேரம் அப்பா சொன்னாரு: "பக்கத்து ஊருன்னா கிடாவை வித்தா போதும்மா. டவுனுன்னா பசுவையும் சேத்து வித்தாகணும்."

கிடாவுக்கு மென்ன தழை வாயிலயே நின்னுபோச்சு. பதறிப்போய் பசுவைப் பார்த்துச்சு.

பசு தொண்டையைச் செருமிக்கிட்டு, "பக்கத்து ஊர்க் காலேஜும் ஒண்ணும் மோசமில்ல. பொண்ணு வீட்டுச் சோறு தின்னுட்டுப் போய்வரலாம்"னுச்சு.

கிடா தயங்கித் தயங்கிக் கேட்டுச்சு. "அங்க படிச்சா ஊசி ஒழுங்கா போடுவாளாக்கா?"

"சுமாரா போட்டாலும் பரவாயில்ல தம்பி. எனக்குத்தானே போடப் போறா."