ஜமீனுக்குப் பயப்படவும்

அருப்புக்கோட்டை தொடங்கி வீரசோழன் வரைக்கும் சங்கரபாண்டியனைக் கண்டு நடுங்காத ஆள் கிடையாது. இதை அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். அப்பேர்ப்பட்டவர் அன்று காலையில் தன் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் தலையை நுழைத்துக் குப்புறக் கிடந்தார்.

"வெளிய வா ராசா. கோழி போயிருச்சு. நான்தான் இருக்கேன்ல?" என்று கெஞ்சினார்.

சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டிருந்தது மூன்று மாதக் கோம்பை நாய்க்குட்டி. வந்து நாலு நாள்தான். வம்சத்துக்கு ஏற்ற பெயராக இருக்கட்டும் என்று 'ஜமீன்' என வைத்திருந்தார்.

ஜமீனுக்குக் கோழி என்றால் பயம். பஞ்சாயத்து ரேடியோ பயம். பஸ் ஹாரன் பயம். ஒரு தடவை, திரும்பும்போது தன் வாலைத் தற்செயலாகப் பார்த்துவிட்டு அலறி ஓடியிருக்கிறது.

"சம்பந்திக்கு என்னன்னு எழுதுனீக?" என்றாள் மனைவி பெத்தம்மாள். "வாசல்ல புலி கெடக்கு, பாத்து வாங்கன்னு. ஒங்க புலி என் சேலையில மூத்திரம் பேஞ்சு வச்சிருக்கு, வந்து பாருங்க."

அதுதான் சிக்கல். மாசக் கடைசி வெள்ளிக்கிழமை பந்தல்குடிச் சம்பந்தி ராமசுப்பு வருகிறார். தன் வீட்டு நாய் லாரியையே மறித்து நிறுத்தும் என்று கல்யாணப் பந்தியில் நாலு பேர் கேட்கச் சொன்ன மனிதர். அவர் கண் முன்னால் ஜமீன் கட்டிலுக்கு அடியில் போனால், சங்கரபாண்டியனும் பின்னாலேயே போய்ப் படுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

மாட்டு வைத்தியர் இருளப்பசாமியைக் கூப்பிட்டு அனுப்பினார். வந்தவர் குட்டியைத் தொடக்கூட இல்லை. எட்ட நின்று பார்த்தார்.

"அதட்டாதீக. ஒரு மூலையில சாக்க விரிச்சு விடுங்க, கையால சோறு வைங்க. அது கொரைக்கிறப்ப எதுத்தாப்புல நிக்கிற ஆளு ரெண்டு எட்டுப் பின்வாங்குனாப் போதும். நம்மளக் கண்டு பயப்படுறானேன்னு அதுக்கு ஒரு நெனப்பு வரும். பெறகு தைரியம் தானா வரும்."

ரெண்டு எட்டு என்பது சங்கரபாண்டியன் அந்தஸ்துக்குப் போதாது. மறுநாள் காலையில் ஊருக்குள் தமுக்கு அடித்துச் சொல்லப்பட்டது. "மொதலாளி வீட்டு வாசல் வழியாப் போற சகலரும் ஜமீனக் கண்டு தக்கபடி பயப்படவும்!"

தமுக்குச் சத்தத்தில் ஜமீன் மறுபடியும் கட்டிலுக்கு அடியில் போய்விட்டது.

ஆனால் ஊர் சொன்னபடி செய்தது. குட்டி தொண்டையைக் கனைத்தாலே சந்தனம்மாள் தண்ணீர்க் குடத்தை அப்படியே இறக்கி வைத்துவிட்டு ஓடினாள். இரண்டு பேரன் எடுத்த ஐயாத்துரை வேப்பமரத்தில் ஏறி, அது கொட்டாவி விடும்வரை இறங்கவில்லை.

எல்லோரையும் தூக்கிச் சாப்பிட்டவர் அறுபது வயது மொக்கையன்தான். தோள் துண்டு தானாகக் கக்கத்துக்கு இறங்கியது. முழங்கால் தனியாக ஆடியது, உதடு தனியாக ஆடியது. நாக்கு மேலே ஒட்டிக்கொள்ள, "கும்புடுறேன் ஜமீன்" என்று சொல்லிக்கொண்டே முதுகைக் காட்டாமல் தெருக்கோடி வரை பின்பக்கமாகவே நடந்து போனார்.

சங்கரபாண்டியன் சொக்கிப்போனார். "ஏலே மொக்கையா, எங்கலே படிச்ச இந்த நடிப்ப?"

"படிப்பென்ன மொதலாளி, பழக்கந்தான்."

பத்து நாளில் ஜமீன் வாசல்படிக்கு வந்தது. பதினைந்தாம் நாள் கோழியைப் பார்த்து உறுமியது. இருபதாம் நாள் ரேடியோவில் செய்தி வாசித்தவரை ஒரு வார்த்தை பேசவிடவில்லை. நடையிலேயே ஒரு மிதப்பு வந்துவிட்டது. தெருவின் நடுவில் படுத்துக்கொண்டு, போகிற வருகிறவர்களை அரைக்கண்ணால் எடை போட்டது.

வெள்ளிக்கிழமை ராமசுப்பு பஸ்ஸை விட்டு இறங்கி, சரிகை அங்கவஸ்திரம் பளபளக்க வந்தார். தமுக்கு விஷயம் பந்தல்குடிக்கு எட்டியிருக்கவில்லை. ஜமீன் எழுந்து ஒரே பாய்ச்சலாகப் பாய்ந்து குரைத்ததில், சம்பந்தி நிஜமாகவே பின்வாங்கி, நிஜமாகவே எருக்குழியில் உட்கார்ந்தார்.

"புலிதான் சம்பந்தி, ஒத்துக்கிட்டேன்! கூப்புடுங்க அத!" என்று குழிக்குள்ளிருந்து கத்தினார்.

சம்பந்தியைக் குளிப்பாட்டி, வெள்ளாட்டுக் கறியோடு சோறு போட்டு, சாயங்கால பஸ்ஸில் ஏற்றிவிட்டுத் திரும்பிய சங்கரபாண்டியனுக்குக் கால் தரையில் பாவவில்லை. வாசலில் மொக்கையன் நின்றிருந்தார். வழக்கம்போலத் துண்டு கக்கத்துக்கு இறங்கியது.

"மொக்கையா, ஜமீனுக்குத் தைரியம் வந்துருச்சுலே. இனிமே யாரும் நடிக்க வேணாம். நிப்பாட்டிரலாம்னு ஊருக்குள்ள சொல்லிரு."

மொக்கையன் நகரவில்லை. தலையைச் சொறிந்தார்.

"நாய்க்கு மட்டுந்தானா மொதலாளி?"

"வேற யாருக்குலே?"

"இல்ல... ஒங்களுக்கு இருவது வயசு இருக்கும். எம்மகன் ஆளக் கண்டா ஒளியுறான், நீங்கதேன் அவனப் பாத்துக் கொஞ்சம் பயப்படணும்னு ஒங்கய்யா ஊரக் கூட்டிக் கேட்டுக்கிட்டாக. அத இன்னும் யாரும் நிப்பாட்டச் சொல்லல."