வேலிக்கு அந்தப் பக்கம் விழும் காய்

இன்றைக்கு அவளைச் சும்மா விடுவதில்லை. மூன்று நாளாகச் சேர்த்து வைத்திருக்கிறேன், ஒன்று விடாமல் கேட்டுவிட வேண்டும்.

அம்மியில் மிளகாயை நசுக்கிக்கொண்டே கலியம்மாள் மனத்துக்குள் வரிசைப்படுத்திப் பார்த்துக்கொண்டாள். கை அரைத்தது. காது மட்டும் கொல்லைப்புறத்தில் கிடந்தது. ஆடிக் காற்று காலையிலிருந்தே தென்னங்கீற்றுகளை உலுக்கிக்கொண்டிருந்தது.

தொப்பென்று சத்தம் கேட்டது. கிளுவை வேலிக்கு அந்தப் பக்கம்தான். குழவியை அப்படியே போட்டுவிட்டு, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஓடினாள்.

அந்தத் தென்னை, கீழப்பழுவூரிலிருந்து அவளுடைய சீரோடு கன்றாக வந்தது. என்ன கிறுக்கோ, வளர வளர வேலியைத் தாண்டி, கணவனின் அண்ணன் வீட்டுக் கொல்லைக்குள் சாய்ந்துவிட்டது. அண்ணனும் தம்பியும் பாகம் பிரிந்து இரண்டு வீட்டுக்கும் பேச்சு வார்த்தை இல்லை என்று ஆனபோது, காய் எந்த மண்ணில் விழுகிறதோ அந்த மண்ணுக்காரருக்கே என்று பஞ்சாயத்தில் முடிவாயிற்று.

அண்ணன் மனைவி சுந்தராம்பாள் அதற்குள் காயை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள்.

“வந்துட்டாய்யா. காயி வுழுந்தா மூக்குல வேத்துடும் இவளுக்கு.”

“எம் மரத்துக் காயத் தின்னு தின்னு, மூணு நாளா வெளியவே தலையக் காட்டலியே. செரிக்கலியோ?” என்றாள் கலியம்மாள்.

“காச்சல்ல கெடந்தேன்டி. ஒன்னாட்டம் கல்லுக்குண்டா இருக்க எனக்குக் குடுத்து வைக்கல.”

“நல்லா வேணும். ஏரித் தண்ணியில தலை முழுவிட்டு ஈரத்தோட திரிஞ்சா, காச்சல் வராம கலியாணமா வரும்?”

“கலியாணமுந்தான் வருது. தையில எம் பொண்ணு சிந்தாமணிக்கு முகூர்த்தம். ஊரையே கூப்புடுவேன், ஒன்னக் கூப்புட மாட்டேன்.”

“யாரு வரப்போறா ஒன் வூட்டுக்கு? மாப்ள எந்த ஊரு இளிச்சவாயன்?”

“ஆண்டிமடம். முந்திரிக்காடு இருக்கு, தெரிஞ்சிக்க.”

“ஓகோ, கொட்ட பொறுக்க அனுப்புறியா? மாமியாக்காரி எப்படி, ஒன்ன மாதிரி ராட்சசியா?”

“தங்கமானவ. ஒன் கண்ணு படாம இருந்தாப் போதும்.” சுந்தராம்பாள் காயை ஒரு தட்டுத் தட்டிப் பார்த்துக்கொண்டாள். “தொவையல் அரைச்சுத் தின்னுட்டு, செரட்டைய ஒன் மூஞ்சில வுட்டு எறியறேன், இரு.”

“எறி. அடுப்புக்கு ஆவும்.”

கலியம்மாள் உள்ளே வந்து மிச்ச மிளகாயை அரைத்தாள். கத்தித் தீர்த்ததில் நெஞ்சு லேசாகியிருந்தது. ஊரையே கூப்பிடுவாளாம், என்னைக் கூப்பிட மாட்டாளாம் என்பது மட்டும் கொஞ்ச நேரம் உள்ளே சுற்றிக்கொண்டிருந்தது.

வயலிலிருந்து திரும்பிய அவள் கணவன் பஞ்சநாதன் மண்வெட்டியைச் சாத்திவிட்டு, சிரிப்போடு எதிரில் உட்கார்ந்தான்.

“தெருக்கோடி வரைக்கும் கேட்டுச்சு. எங்கண்ணன் வூட்டுக்கு நீதான் புள்ள சரியான ஆளு.”

அவள் அரைத்த விழுதை வழிக்கத் தொடங்கினாள்.

“இருந்தாலும் பாரு, மரமேற வீரமுத்து வந்தப்ப அந்தக் குலையப் பறிச்சிருக்கலாம். நீதான் முத்தட்டும்னு வுடச் சொல்லிட்ட. அது முத்தி அவங்க வாயில வுழுவுது.”

“பொறவு ஆளக் கூப்புட மறந்துட்டேங்க.”

“பரவால்ல, நாளைக்கு வெட்டுற ஆளு வரான். மரத்தையே சாச்சுடலாம். யுத்தம் வந்ததுலேருந்து மரம் வெல கேக்க முடியல. மாட்டுக் கொட்டாய்க்கு உத்தரமா ஆவும்.”

அம்மியை வழித்துக்கொண்டிருந்த கை நின்றது.

பஞ்சநாதன் குரலைத் தணித்துக்கொண்டான். “ஒனக்காகத்தான் சொல்றேன். காயி ஒன்னு போனாப் போவுது, நெதமும் அவகிட்ட வாயக் குடுத்துட்டு நிக்கிறியே, எனக்கே மனசு கேக்கல. ஒன் பொறந்த வூட்டு மரம். நீ சரின்னு ஒரு வார்த்த சொன்னாத்தான் கோடாலி வெப்பேன்.”

கேட்டுச் செய்கிற மனிதன். அதனால்தான் அவளுக்கு வாய் திறக்கத் துணிவு வந்தது. கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, மெதுவாகச் சொன்னாள்.

“வேணாங்க, அக்காகூட நான் வேற எப்படிப் பேசறது?”