விசாரிக்க வந்தவர்

“சோணைங்கிற டிரைவரைப் பத்தி நாலு வார்த்தை கேக்கணும்மா. நான் வந்தது அவருக்குத் தெரிய வேண்டாம்.”

புளியிலிருந்து கொட்டை எடுத்துக்கொண்டிருந்த சீனியம்மாளின் கை நின்றது. வாசலில் நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவர். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, மழமழவென்று வழித்த முகம். சைக்கிளைச் சுவரில் சாய்த்திருந்தார்.

கொட்டாம்பட்டிக்காரர்கள் வந்தே விட்டார்கள்!

போன வாரம்தான் எதிர்வீட்டு மாயக்காள் வந்து ஊதிவிட்டுப் போனாள். “உங்க அண்ணன் மகன் சோணைக்குக் கொட்டாம்பட்டியில பொண்ணு பாக்குறாகளாம்ல? பத்துப் பவுனாம்!” வாரம் தவறாமல் வருகிற சோணையும் இரண்டு மாதமாய் இந்தச் செல்லூர்ச் சந்துப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

உள்ளே அவள் மகள் தங்கப்பொண்ணு உலை வைத்துக்கொண்டிருந்தாள். சின்ன வயதில் அம்மை வார்த்து, முகமெல்லாம் தழும்பு. பெண் பார்க்க வந்தவர்கள் காபியைக் குடித்துவிட்டு, “சொல்லி அனுப்புறோம்” என்று போனதோடு சரி. அந்த முகத்தை நேருக்கு நேர் பார்த்துச் சிரித்துப் பேசுகிறவன் சோணை ஒருவன்தான். முறைமாப்பிள்ளை. அவனும் கைவிட்டுப் போனால்?

“உக்காருங்கய்யா” என்று பலகையை நகர்த்திப் போட்டாள். “எங்க வீட்டை யாரு சொன்னது?”

“அவருக்கு ரொம்ப வேண்டியவங்க நீங்கதான்னு தெரிஞ்சுது. ஆள் எப்படிம்மா?”

தாயில்லாமல் நின்ற சோணைக்கு உருட்டி உருட்டிச் சோறு போட்ட சீனியம்மாளின் கை, முந்தானையைப் பிசைந்தது.

“என்னத்தச் சொல்ல... குடிப்பான்.”

“எப்பவாச்சுமா?”

“விடிஞ்சா அடைஞ்சா அதே வேலைதான்.”

சோடா குடித்தாலே மூக்கில் ஏறுகிறது என்று ஒதுக்குகிறவன் அவன்.

“அடிதடி, வம்பு, ஏதாச்சும்?”

“கேக்கவா வேணும்? அலங்காநல்லூரு மஞ்சுவிரட்டுல ஒருத்தன் மண்டையப் பொளந்துபுட்டான். ஊருக்குள்ளயே பேசி அமுக்கிட்டாக.”

மாடு குத்திய ஒருவனைத் தோளில் போட்டுக்கொண்டு அவன் ஓடியதுதான் அன்றைக்கு நடந்தது.

வந்தவர் அவளையே கூர்ந்து பார்த்தார். “நீங்களே இப்படிச் சொல்றீங்களேம்மா?”

“நானும் ஒரு பொண்ணைப் பெத்தவதானய்யா! பொய் சொல்லுவேனா?”

“சரி, உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?”

அடுப்படியில் வளையல் சத்தம் சட்டென்று நின்றதை சீனியம்மாள் கவனித்தாள். மனசைக் கல்லாக்கிக்கொண்டாள். இந்த ஒன்றைக் கேட்டால், பெண்ணைப் பெற்ற எவனும் திரும்பிப் பார்க்க மாட்டான்.

“காக்கா வலிப்பு இருக்குய்யா. நிக்கும்போதே வெட்டி இழுக்கும். வெளிய சொல்லாம மறைக்கிறாக.”

அவர் எழுந்துவிட்டார். “நல்லவேளை சொன்னீங்க. நாளைக்கு நீங்களே வந்து மாத்திச் சொன்னாலும் எடுபடாதும்மா, தெரியுமில்ல?”

“மாத்த மாட்டேன்யா.”

சைக்கிள் சந்து திரும்பியதும் தங்கப்பொண்ணு வெளியே வந்தாள். கண் சிவந்திருந்தது.

“ஏம்மா, மாமனைப் போயி இப்படிச் சொன்ன?”

“உனக்காகத்தாண்டி! எனக்கு மட்டும் நாக்கு கூசலையா?”

“எனக்கு விதிச்சது எனக்கு. அது எங்கிட்டாச்சும் நல்லா இருந்துட்டுப் போகட்டுமேம்மா.”

சீனியம்மாள் புளியை முறத்தில் அள்ளிப் போட்டாள். கண்ணில் தண்ணீர் முட்டியது.

பொழுது சாயும் நேரம், சந்து முழுக்கக் கேட்கும்படி ஒரு சிரிப்புச் சத்தம். சோணை!

“என்ன அத்தே, மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கீக? ஏ தங்கம், உங்காத்தா இன்னைக்கு யாரு கூடச் சண்டை?”

“கொட்டாம்பட்டிக்கே போக வேண்டியதுதான மருமகனே? பத்துப் பவுனோட காத்திருக்காகளாம்ல!”

அவன் விழுந்து விழுந்து சிரித்தான். “அட நீங்க வேற! பொண்ணு பாத்தது எங்க துளசிராம் முதலாளியோட சமையக்காரருக்கு. நான் காரை ஓட்டிக்கிட்டுப் போனேன், அம்புட்டுத்தான்.”

சீனியம்மாளுக்குக் கால் தரையில் பாவவில்லை. காலையில் வந்தவர் ஆள் மாறி விசாரித்திருக்கிறார்; சொன்ன பொய்யெல்லாம் கொட்டாம்பட்டிக்குப் போய் விழுந்தது, இவனுக்கு ஒரு சேதமும் இல்லை. “பெறகு ஏன் ராசா ரெண்டு மாசமா வரல?”

“தனியா ஒரு பொழைப்போட வந்து பொண்ணு கேக்கணும்னு ஒரு வீம்பு அத்தே. முதலாளி தன் பழைய அம்பாசடரை டாக்ஸியாக்கி எங்கிட்டயே விடுறேன்னுட்டாரு. டாக்ஸி ஓட்ட பேட்ஜ் வேணும்ல, அதுக்குத்தான் இம்புட்டு அலைச்சல். டாக்டரு கண்ணு, காது, நெஞ்செல்லாம் பாத்து, குதிரை மாதிரி இருக்கேன்னுட்டாரு. பேட்ஜ் வந்த மறுநாளே பரிசம் போட்டுறலாம்.”

கதவோரம் நின்ற தங்கப்பொண்ணு முகம் வெளிறித் தலையைக் குனிந்துகொண்டாள். அவன் அதை வெட்கம் என்று நினைத்துக் குரலைத் தாழ்த்தினான்.

“இன்னும் ஒண்ணே ஒண்ணுதான் பாக்கி அத்தே. ஆள் யோக்கியனான்னு மப்டியில ஒரு போலீஸ்காரர் வந்து விசாரிப்பாராம். உன்னை நல்லாத் தெரிஞ்சவுக யாருன்னு நேத்துக் கூப்பிட்டுக் கேட்டாரு... எங்க மாமியா வீடுன்னு சொல்லி, இந்த வீட்டைத்தான் கையக் காட்டிட்டு வந்திருக்கேன்.”