கடைசி வரிசையில் மாமனார்

மருமகள் முன்வரிசையில் இருந்தாள். மாமனார் கடைசி வரிசையில் இருந்தார்.

சனிக்கிழமை முதுகலை வகுப்பில் ஐந்தாவது வாரமாக இதே காட்சி. விரிவுரையாளர் கிறிஸ்ரோபருக்கு எரிச்சலாக வந்தது. வரலாறு, சமூகவியல், இலக்கியம் எல்லாவற்றையும் சேர்த்து ஆங்கிலத்தில் நடத்தும் படிப்பு அது. அதில் குடும்பமும் பெண்ணும் என்ற பாடம் அவருடையது.

"ஒரு வீடு தன் பெண்களை எப்படியெல்லாம் கண்காணிக்கிறது?" என்று அன்று ஆங்கிலத்தில் கேட்டார்.

முன்வரிசையில் உதயகலா கையுயர்த்தி எழுந்தாள். தடுமாறாமல் பதில் சொன்னாள். அவள் சொல்லி முடிக்கும்வரை பின்னாலிருந்து மாமனார் தியாகராசா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அறுபத்துநான்கு வயது. விவசாயிகளுக்கான கமநலத் திணைக்களத்தில் வேலை செய்து இளைப்பாறியவர். முன்னால் கொப்பி விரிந்திருந்தது. அதில் ஒரு வரியும் இல்லை.

தேநீர் நேரம், கூடப் படிக்கும் தாரிகா சொன்னாள்: "சேர், உந்தக் கேள்விக்கு ஏன் இவ்வளவு புத்தகம்? பின்னாலை திரும்பிப் பாத்தாக் காணும்."

எல்லோரும் சிரித்தார்கள்.

"மகன் கனடாவிலை. இஞ்சை கமரா பூட்டியிருக்கு!" என்று அவளே தொடர்ந்தாள்.

கிறிஸ்ரோபர் சிரிக்கவில்லை. உதயகலாவைத் தனியே அழைத்தார்.

"மாமா கூட வந்து இருக்கிறது உமக்குக் கரைச்சலாய் இல்லையோ?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "இல்லை சேர். மாமா இருக்கட்டும்."

"பயப்பிடாமல் சொல்லும். நான் அவரோடை கதைக்கிறன்."

"ஐயோ, வேண்டாம் சேர். அவரிட்டை ஒண்டும் கேளாதேங்கோ. எனக்கு இந்தப் படிப்பை விட்டால் வேறை இல்லை. சின்னப் பிள்ளையை விட்டிட்டுக் கொழும்புக்குப் போய்ப் படிக்கேலாது."

மாமனாரைச் சீண்டினால் படிப்பையே நிறுத்திவிடுவார் என்று பயப்படுகிறாள். கிறிஸ்ரோபர் அப்படித்தான் விளங்கிக்கொண்டார்.

வகுப்பு முடிந்ததும் தியாகராசாவை மறித்தார்.

"ஐயா, நீங்கள் ஒரு கட்டுரையும் தரேல்லை. வகுப்பிலை வாயும் திறக்கிறியள் இல்லை."

"நீங்கள் கதைக்கிற வேகத்துக்கு எனக்கு இங்கிலீசு ஓடாது சேர்."

"அப்ப ஏன் வந்தனீங்கள்?"

அவர் சேட்டுப் பையிலிருந்த பேனையைச் சரிசெய்தார்.

"மருமகளைப் பாத்துக்கொள்ளவோ?"

"அப்பிடியெண்டே வைச்சுக்கொள்ளுங்கோ."

அந்தப் பதில் கிறிஸ்ரோபரைச் சுட்டது.

"எனக்கும் பொம்பிளைப் பிள்ளையள் இருக்கினம் ஐயா. இது படிக்கிற இடம். உங்கடை பேரை எடுக்கச்சொல்லி இண்டைக்கே ஒபிசிலை எழுதிக் குடுக்கப்போறன்."

தியாகராசாவின் முகம் மாறிவிட்டது.

"சேர், இந்த மாதம் மட்டும் முடியட்டும். பிறகு நீங்கள் சொல்லத் தேவையில்லை. நானே விலகிடுவன்."

"மாதம் முடிய மருமகளிலை நம்பிக்கை வந்திடுமோ?"

கிழவர் "உங்களைக் கும்பிட்டுக் கேக்கிறன்" என்றார். உண்மையிலேயே கும்பிட்டார்.

கிறிஸ்ரோபர் கடிதத்தை எழுதினார். இத்தனை வருடமாகப் பேசிவந்த ஒன்றை இன்றைக்குத்தான் செய்கிறோம் என்று தோன்றியது. நியாயமான கோபத்தில் ஒரு சுகம் இருக்கிறது. அதை அவர் கொஞ்சம் அனுபவிக்கவும் செய்தார்.

அலுவலகத்தில் பதிவுகளைப் பார்க்கும் பராசக்தி கடிதத்தை வாசித்தாள். மடித்தாள். திருப்பி அவரிடமே நீட்டினாள்.

"இதை அடுத்த மாதம் தாங்கோ சேர்."

"ஏன், நீங்களும் அவரின்ரை ஆளோ?"

"முப்பதாம் திகதிதான் பெயர்ப் பட்டியல் மேலிடத்துக்குப் போகும். பத்துப் பேர் இல்லாட்டில் இந்த வருசம் கோர்ஸை நடத்த விடமாட்டினம். பட்டியல் போயிட்டுதெண்டால் பிறகு ஆர் விலகினாலும் பறுவாயில்லை."

"இப்ப எத்தினை பேர்?"

"பத்து."

"இவரைச் சேர்த்தோ?"

"ஓம் சேர். விண்ணப்பம் முடியிற அண்டு பின்னேரம் ஒன்பது பேர்தான். கோர்ஸ் நடவாது பிள்ளை எண்டு நான்தான் உதயகலாவுக்குச் சொன்னனான். இந்த இடத்திலை நிண்டு அழுதுபோட்டுப் போச்சுது."

கிறிஸ்ரோபர் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"பிள்ளை போய்க் கொஞ்ச நேரத்தாலை, வாசல்லை மோட்டச்சைக்கிளோடை நிண்ட இந்த மனுசன் உள்ளுக்கு வந்தவர். 'தங்கச்சி, எண்பத்துநாலிலை எடுத்த பட்டம் இப்பவும் செல்லுமோ? செல்லுமெண்டால் எனக்கும் ஒரு விண்ணப்பப் போம் தாங்கோ' எண்டு கேட்டவர்."