தோற்றவர் கையில் கரண்டி

"முப்பத்தொண்ணு!"

டிவியில் மார்க் விழுந்ததும் வீடே கைதட்டியது. உண்ணாமலை மைக்கைத் தறிப் பலகைமேல் வைத்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, தலையைக் குனிந்தபடி சமையலறைப் பக்கம் திரும்பினாள்.

"இன்னாம்மா உண்ணாமலை, பாட்டா அது? பஸ்ஸை ரிவர்ஸ் எடுக்கற மாதிரி இருந்துச்சு" என்று மாமனார் அருணாச்சலம் சிரித்தார். அவள் புருஷன் சின்னதுரை அவரைவிடச் சத்தமாகச் சிரித்தான்.

இளைய மருமகள் தேவிப்ரியாவுக்கு மனசு கேட்கவில்லை. கண்ணமங்கலத்திலிருந்து இந்த ஆரணி வீட்டுக்கு அவள் வந்து நாலு மாசம் ஆகிறது. வார நாளில் விடிந்ததும் வேலூர் பஸ் பிடித்து வேலைக்குப் போய்விடுவாள். மூணு வேளைச் சமையலும் உண்ணாமலை அக்கா தலையில்தான். ஞாயிற்றுக்கிழமையாவது மாறும் என்று பார்த்தால், அதற்கும் வழியில்லாமல் வந்து சேர்ந்தது இந்தப் பாட்டு கேம்.

தேவிப்ரியாவின் புருஷன் அன்பரசுதான் அதை டிவியில் போட்டு, மைக்கும் வாங்கி வந்தவன். ஞாயிறு தறிக்கு லீவு. ஆளுக்கு ஒரு பாட்டு. யாருக்கு மார்க் கம்மியோ அவர்தான் அன்றைக்குக் கோழிக் குழம்பு வைக்க வேண்டும். ஆம்பளை, பொம்பளை வித்தியாசம் கிடையாது. மாமனார் போட்ட சட்டம்.

முதல் வாரம் மைக் பிடிக்கத் தெரியாமல் தேவிப்ரியாவே தோற்றாள். அவள் வைத்த குழம்பைச் சாப்பிட்டவர்கள் ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. "ருசியில அவங்களுக்குப் பேச்சே வரலம்மா" என்று அம்மாவுக்குப் போன் போட்டுச் சொன்னாள்.

அதற்கப்புறம் பன்னிரண்டு வாரமும் தோற்றது உண்ணாமலைதான். இத்தனைக்கும், தறிக்கு நூல் சுற்றிக்கொண்டே அக்கா முணுமுணுக்கிற பாட்டைக் கேட்டால், நெய்கிற சின்னதுரையின் கால் மிதியிலேயே நின்றுவிடும். எல்லார் மார்க்கும் வந்த பிறகு கடைசியாகத்தான் மைக்கைத் தொடுவாள். தொட்டதும் குரல் எங்கேயோ ஓடிப்போகும். மைக் பயம் போல, பாவம்.

ஒரு ஞாயிறாவது அக்கா காலை நீட்டி உட்கார்ந்து சாப்பிட வேண்டும். அதற்காகவே இன்றைக்குத் தொண்டை கரகரப்பு என்று சாக்குச் சொல்லி, தேவிப்ரியா தன் முறையைக் கடைசிக்குத் தள்ளி வைத்திருந்தாள்.

"இருங்கக்கா. நான் இன்னும் பாடவே இல்லையே."

"நீ பாடினா எம்பதுக்குக் கம்மியா வரப்போவுதா? அண்ணி, நீங்க வெங்காயத்தை உரிங்க" என்றான் அன்பரசு.

தேவிப்ரியா மைக்கை எடுத்தாள். தாளம் கிழக்கே போனது. அவள் மேற்கே போனாள். பல்லவியை விழுங்கினாள். சரணத்தில் வேண்டுமென்றே நாலு தடவை இருமினாள்.

முதலில் மாமனாரின் சிரிப்பு நின்றது. "சுதிம்மா, சுதி! மேல ஏத்து, மேல!" என்று பலகையில் தாளம் தட்டிக் காட்டினார். அன்பரசு பாய்ந்து வந்து, மைக்கில் வாயை வைத்துத் தானும் சேர்ந்து பாடினான். அவனைத் தோளால் இடித்துத் தள்ளிவிட்டு அவள் இன்னும் கீழே இறங்கினாள்.

"பத்தொம்பது!"

யாரும் கைதட்டவில்லை.

"செல்லாது! மைக்ல சார்ஜ் இல்ல" என்றான் அன்பரசு.

"கரண்ட் வேற நடுவுல போச்சு" என்றான் சின்னதுரை. தலைக்கு மேலே ஃபேன் சுற்றிக்கொண்டுதான் இருந்தது.

"டேய், இன்னொரு பாட்டு வைடா ஜல்தி! தொண்டை கட்டின பொண்ணுகிட்டப் போயி சட்டம் பேசிகினு..." என்று மாமனார் எழுந்தே நின்றுவிட்டார்.

தேவிப்ரியாவுக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு நாள் அடுப்படிக்கு அனுப்ப மனசு வரவில்லையே இவர்களுக்கு! என்ன பாசம், என்ன பாசம்! ஆனால் அக்காவும் இந்த வீட்டு மருமகள்தானே?

"சட்டம்னா சட்டம்தான் மாமா. இன்னைக்குக் குழம்பு என்னோடது" என்று சொல்லிக்கொண்டே விறுவிறுவென்று சமையலறைக்குள் போய், கழுவி வைத்திருந்த கோழிச் சட்டியை எடுத்தாள்.

பின்னாலேயே ஓடி வந்த உண்ணாமலை, அடுப்புக்கு முன்னால் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றாள்.

"குடு இப்படி. நான் வெக்கிறேன்."

"நீங்க போய் உக்காருங்கக்கா."

"பேஜார் பண்ணாத தேவி. சட்டியைக் குடுன்றேன்ல!"

"தர மாட்டேன். பன்னண்டு வாரமா எல்லாரும் உங்களைக் கேலி பண்றதைப் பாத்துகினு இருக்கேன். உங்களுக்கு ஒரு நாள் ஓய்வு வேணும்னுதான் இன்னைக்கு வேணும்னே தோத்தேன்."

உண்ணாமலை அவளை ஏற இறங்கப் பார்த்தாள். எட்டி ஹாலைப் பார்த்தாள். அங்கே மூன்று ஆம்பளைகளும் சாமி கும்பிடுகிற மாதிரி கைகூப்பிக்கொண்டு நின்றார்கள். சட்டியை மெல்லத் தன் பக்கம் இழுத்துக்கொண்டே சொன்னாள்:

"அப்ப, நான் இன்னாத்துக்குடி பன்னண்டு வாரமா வேணும்னே தோத்துகினு இருக்கேன்?"