நல்ல கிருமி

“கத்தி மேல சத்தியம் நைனா. ஒரு நாள் உடாம அடிச்சேன்” என்றாள் குப்பம்மா. அம்பத்தூர் எஸ்டேட் பேருந்து நிறுத்தத்தில், பழ வண்டிக்குப் பின்னால் நின்று முலாம்பழம் சீவிக்கொண்டிருந்தாள்.

சரவணக்குமார் நம்பவில்லை. உணவுப் பாதுகாப்பு அதிகாரிக்கு எழுதிய புகார் கைப்பேசியில் தயாராக இருந்தது. அனுப்புவதுதான் பாக்கி.

“இன்னா, பாப்பாவ காணோம்? அம்மா ஊட்டுக்குப் பூட்ச்சா? வளகாப்பு எப்போ?”

அவன் மனைவி ரோஷினியின் ஈமக்காரியம் நேற்றுதான் முடிந்திருந்தது.

எதிர்க் கட்டடத்தில் அவளுக்கு வேலை. உண்டானதிலிருந்து எதைத் தின்றாலும் வாந்தி. இந்த வண்டி முலாம்பழம் மட்டும் வயிற்றில் தங்கியது. வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தான். அவள் கேட்கவில்லை.

வேலப்பன்சாவடிக் கல்லூரி ஆய்வகத்தில், புளித்த இட்லி மாவிலிருந்து பிரித்து அவன் வளர்த்துவந்த நுண்ணுயிரைத் தண்ணீரில் கலந்து, தெளிப்பான் பாட்டிலில் கொண்டுவந்து குப்பம்மாவிடம் கொடுத்தான்.

“இதுல நல்ல கிருமி இருக்குக்கா. வெட்டின பழத்து மேல அடிச்சா, கெட்ட கிருமிய வளர விடாது.”

“கிருமியவா அடிக்கச் சொல்ற?” என்று அன்று முகம் சுளித்தவள், பிறகு சிரித்தாள். “சரி குடு, பாப்பாவுக்காவ.” வாரம் ஒரு பாட்டில் வாங்கிக்கொண்டாள்.

ரோஷினியின் ரத்தத்தில் இருந்த கெட்ட கிருமி, அவள் ஃப்ரிட்ஜில் மீதி வைத்த முலாம்பழத்திலும் இருந்தது. அவனே சோதித்தான். அவன் வளர்த்த நல்ல கிருமி ஒன்றுகூட அதில் உயிரோடு இல்லை.

“யக்கா, பஞ்சாயத்த அப்பால வச்சுக்கோ. பப்பாளி ஒரு தட்டு” என்றார் ஒரு ஷேர் ஆட்டோக்காரர்.

“இரு அண்ணாத்தே, இவரு என்னிய நம்பமாட்டன்றாரு.” குப்பம்மா குனிந்து பாட்டிலை எடுத்துக் காட்டினாள். பாதி காலி. பிளாஸ்டிக் இடுப்பில் நெளிந்து கோணியிருந்தது.

“வெயில்ல போட்டிருக்கீங்க. ஐஸ்ல வைக்கச் சொன்னேன்ல?”

“ஐஸ்லதான் கீது. தொட்டுப் பாரு.”

தொட்டான். சில்லென்று இருந்தது.

“அடிச்சிருந்தா பழத்துல இருந்திருக்கும்க்கா. கீழ ஊத்திட்டு என்கிட்ட பாட்டிலக் காட்டுறீங்க. ஏன் பொய் சொல்றீங்க?”

அவன் கட்டைவிரல் அழுத்தியது. புகார் போய்விட்டது.

குப்பம்மா கத்தியைக் கீழே வைத்தாள். கண் கலங்கிவிட்டது.

“நானா பொய் சொல்றேன்? மாசமா கீற பொண்ணு நைனா அது. அதும் வாயில போறத கிருமியோடவா குடுப்பேன்?”

முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

“நீ குடுக்கற ஒவ்வொரு பாட்டிலயும் ஊட்ல நல்லா கொதிக்க வச்சுதான் எட்த்தாருவேன்.”