தலையில்லாத கிட்டார்

இந்திய இசை வரலாறு ஆயுத பூஜையன்று கோவில்பட்டியில் புதுத் திசைக்குத் திரும்பப் போவதாகத் தெருவுக்கே அறிவித்துவிட்டார், தீப்பெட்டி ஆபீஸ் முதலாளி முத்துசெல்வம். மாடி ஷெட்டில் தன் கையாலேயே இழைத்து இழைத்து, தலையில்லாத எலெக்ட்ரிக் கிட்டார் ஒன்றைச் செய்து முடித்திருந்தார்.

"தலையில்லாம என்னமோ போல இருக்குங்க," என்றாள் மனைவி சுதாராணி.

"ஏட்டி, அதுதான் டெக்னாலஜி! கம்பி முறுக்குத திருகெல்லாம் அடியில இருக்கு. தலைங்கது வீண் சுமை. இதுக்குத் தலை வச்சா எம்பேர மாத்திக்கிடுதேன்!"

பூஜையன்று தெருவே மாடியில் கூடியது. முத்துசெல்வம் கிட்டாரை மூடியிருந்த துணியைக் கம்பீரமாக விலக்கினார்.

கிட்டாருக்குத் தலை முளைத்திருந்தது. அதன் நடுவே சந்தனம், குங்குமம்.

"நேத்து நீங்க ஆபீஸ் போனப்ப ஆசாரியக் கூப்பிட்டு ஒட்டிட்டேன்," என்றாள் சுதாராணி. "நெத்தியில்லாத பண்டத்துக்குப் பொட்டு எங்கன வைக்க?"

இப்போதுதான் அது கிட்டார் மாதிரி இருக்கிறது என்றார்கள் வந்தவர்கள்.